வேப்பமரத்தடியில் ஒரு பவானி ஜமக்காளம்

டெல்லியில் மரமே இல்லை என்று கல்யாணமான புதிதில் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அது சுத்தப் பொய். சரோஜினி நகரில் எங்கள் குவார்ட்டர்ஸைச் சுற்றி வேம்பும் நாவலும் அரசும் தெருவுக்குத் தெரு நின்றன. ஆனால் அவையெல்லாம் சர்க்கார் நட்டவை. கவாத்துக்கு வந்த போலீஸ்காரர்கள் மாதிரி ஒரே இடைவெளி விட்டு வரிசையாக நிற்கும். பவானி ஆற்றங்கரையில் வளர்ந்து, அந்தியூரைத் தாண்டினால் மலைக்காடு என்று பழகியவளுக்கு அவற்றை மரம் என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. வரிசையில் நிற்பதற்குத்தான் ரேஷன் கடை வாசலில் நாங்கள் இருந்தோமே.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. என் கணவர் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தார். நான் டெல்லிக்கு வந்து இரண்டு கோடையும் ஒரு குளிர்காலமும் ஆகியிருந்தன. அந்த ஒரு குளிர்காலமே போதும் என்று தீர்மானித்துவிட்டேன். காலையில் காப்பி கொடுக்கும்போது "எப்பங்க ஊருக்குப் போறது" என்று ஆரம்பிப்பேன். ராத்திரி விளக்கை அணைக்கும்போதும் அதையே கேட்பேன். அவர் கோபப்படவே மாட்டார். கோபப்படாத மனிதரோடு சண்டை போடுவதைப் போல அலுப்பான வேலை உலகத்தில் கிடையாது.

ஒருநாள் அவராகவே பேச்செடுத்தார். தெற்கே மாற்றல் வேண்டுமென்றால் இந்த மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம். எழுதிக் கொடுத்தால் அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு பின்னுக்குப் போய்விடும். எழுதாவிட்டால் டெல்லிதான்.

"எழுதறதுக்கு முன்னால ஒரே ஒரு எடத்துக்கு எங்கூட வா, புள்ள. பாத்துட்டு நீயே சொல்லு. நீ போகோணும்னா நான் எழுதிக் குடுத்தர்றன்."

"என்ன எடமுங்க?"

"காடு."

"டெல்லியிலயா?"

அலுவலக ஜீப் ஓட்டுநர் அவருக்குச் சொல்லியிருக்கிறார். மெஹ்ரோலியைத் தாண்டி அவருடைய கிராமம். கிராமத்துக்குப் பின்னால் ஒரு குன்று, குன்றின் மடியில் ஒரு காடு, யாரும் நட்டதில்லை, பாட்டன் காலத்துக்கும் முன்பிருந்தே இருக்கிறது. வழியெல்லாம் விளக்கமாகச் சொன்ன அந்த மனிதர், சொல்லியிருக்க வேண்டிய முக்கியமான ஒன்றைச் சொல்லவில்லை. அவருக்கு அது மூச்சு விடுவது போல. யாராவது மூச்சு விடச் சொல்லிக் கொடுப்பார்களா?

இந்த ஏற்பாட்டில் எதிர்வீட்டு மாமி வந்து சேர்ந்துகொண்டார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். நல்ல மனசு, அதைவிட நல்ல குரல். மாமாவுக்கு வெயில் ஆகாது என்று அவரை வீட்டில் விட்டுவிட்டு, ஒரு பெரிய துணிப்பையோடு தயாராக நின்றார். வேப்பம்பூவுக்காக.

டெல்லி வேம்பு கொஞ்சம் சோம்பேறி. நம்மூரில் சித்திரை பிறக்கும்போது பூத்துக் கொட்டிவிடும். அங்கே வருஷப் பிறப்பெல்லாம் முடிந்து, பச்சடிக்கு ஊரிலிருந்து வந்த காய்ந்த பூவைப் போட்டு ஒப்பேற்றிய பிறகு, சாவகாசமாகப் பூக்கும். அப்போது பிடித்தால்தான் வருஷம் முழுக்க ரசத்துக்குக் காயவைத்து எடுத்துக்கொள்ளலாம். காலனித் தமிழ்ப் பெண்கள் விடியுமுன் எழுந்து ஆளுக்கொரு மரத்தடியைப் பிடித்துத் துணி விரித்துவிடுவார்கள். மாமிக்கு அந்தப் பூக்கள் மேல் மரியாதை இல்லை.

"ரோட்டு மரத்துப் பூவெல்லாம் பஸ் புகைடி. ரசத்துல போட்டா டீசல் வாசனை வரும். காட்டு வேம்புன்னா கல்கண்டாட்டம் இருக்கும், பாரு."

கசக்க வேண்டிய பூ கல்கண்டு மாதிரி இருந்து என்ன பயன் என்று நான் கேட்கவில்லை. உட்காரவும் பூ சேர்க்கவும் ஆகட்டும் என்று என் ஜமக்காளத்தை எடுத்துக்கொண்டேன்.

அந்த ஜமக்காளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பவானி ஜமக்காளம். சிவப்பும் பச்சையும் கருப்பும் பட்டை பட்டையாக, இரண்டு பேர் கால் நீட்டிப் படுக்கலாம். எங்கள் அம்மா கல்யாணச் சீரில் வைத்துக் கொடுத்தது. டெல்லி வீட்டில் கட்டில், மேஜை, நாற்காலி எல்லாமே வாடகைச் சாமான். அந்த ஜமக்காளம் ஒன்றுதான் என்னுடையது. மனசு சரியில்லாத மத்தியானங்களில் அதை விரித்து அதன்மேல் படுத்துக்கொள்வேன். கன்னத்தில் நூல் தடம் விழும்வரை தூங்குவேன். ஊருக்குப் போகும் நாளில் முதலில் மடித்து வைக்கப்போவது அதைத்தான் என்று நினைத்து வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் புறப்பட்டோம். மெஹ்ரோலியில் இறங்கி வேறு பஸ் பிடித்தோம். கொஞ்ச தூரத்திலேயே டெல்லி முடிந்துவிட்டது. இருபுறமும் கோதுமை அறுத்த வயல்கள். பாதிக் கதிர்கள் கட்டாகக் கிடந்தன. களங்களில் மாடு சுற்ற, பெண்கள் முறத்தை உயரத் தூக்கித் தூற்றிக்கொண்டிருந்தார்கள். காற்றில் உமி பறந்து வந்து எங்கள் தலையிலும் புருவத்திலும் ஒட்டியது. மாமி புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதென்ன, மஞ்சள் மூட்டையைப் பிரிச்சுக் கொட்டின மாதிரி" என்றார். எனக்கு அந்த வாசனை பிடித்திருந்தது. பிடித்திருக்கிறது என்று காட்டிக்கொள்ளவில்லை. காட்டினால் என் கணவர் கணக்கில் வைத்துக்கொள்வார்.

கிராமத்தில் ஒரு குளம். குளத்தில் தண்ணீரைவிட எருமைகள் அதிகம். கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து ஹூக்கா பிடித்துக்கொண்டிருந்த பெரியவர்கள் எங்களைப் பார்த்து வழி காட்டினார்கள். ஜீப் ஓட்டுநர் ஏதோ கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்தார். குளக்கரை தாண்டி, பாறைகளுக்கு நடுவே ஏறி இறங்கியதும் காடு வந்தது.

முதலில் எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. பர்கூர் மலைக்காட்டைப் பார்த்தவளுக்கு இது என்ன காடு? மரங்கள் உயரமில்லை. கிளைகள் தரையைத் தொடுகிற மாதிரி தொங்கின. பாதி மரங்கள் இலை உதிர்த்துவிட்டு அப்போதுதான் தளிர்விடத் தொடங்கியிருந்தன. "ஏனுங்க, இதுதானுங்களா?" என்றேன். அவர் உள்ளே நடந்தார்.

உள்ளே போகப் போகக் காடு வேறாகிக்கொண்டே வந்தது. காலுக்கடியில் சருகு கணுக்கால் வரை கிடந்தது. யாரும் பெருக்காத தரை. வெளியே கொதித்த வெயில் அங்கே வடிகட்டி வந்தது. எங்கோ மயில் அகவியது, இன்னொரு மயில் குன்றின் அந்தப் பக்கத்திலிருந்து பதில் சொன்னது. புரச மரம் ஒன்று கடைசிப் பூக்களை உதிர்த்துக்கொண்டு நின்றது. டெல்லிக்கு வந்த பிறகு முதல்முறையாக, பஸ் ஹாரனோ ரேடியோவோ பக்கத்து வீட்டுச் சண்டையோ இல்லாத ஒரு மத்தியானம் என் காதுக்குக் கிடைத்தது. சந்தோஷமாக இருந்தது. அதற்கே கோபமும் வந்தது. ஊருக்குப் போக இருப்பவளுக்கு இங்கே என்ன சந்தோஷம்?

ஒன்றை மட்டும் கவனித்தோம். காய்ந்த கிளைகள் விழுந்த இடத்திலேயே கிடந்தன. நல்ல விறகு. எங்கள் ஊரில் இப்படிக் கிடந்தால் விடிவதற்குள் காணாமல் போயிருக்கும். "இந்த ஊர்ல அடுப்பே எரிக்க மாட்டாளா?" என்று மாமி கேட்டார். மூன்று பேருமே சிரித்தோம், யாரும் யோசிக்கவில்லை.

காட்டின் மறுகோடியில் வெள்ளையடித்த ஒரு மேடையும் அதையொட்டிச் சின்ன அறையும் இருந்தன. பக்கத்தில் ஒரு வேப்பமரம். அப்படி ஒரு வேம்பை நான் ஊரிலும் பார்த்ததில்லை. மரம் முழுக்கப் பூ. காற்று லேசாக அசைந்தாலே பொரி மாதிரி உதிர்ந்தது. மாமிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"விரிடி ஜமக்காளத்தை. மரத்தை ஆட்டக்கூட வேண்டாம். நாம சாப்ட்டுட்டு வர்றதுக்குள்ள படி படியா விழுந்திருக்கும்."

விரித்தோம். நாங்கள் தள்ளிப்போய்ப் பாறை நிழலில் உட்கார்ந்து புளிசோறும் தயிர்சோறும் சாப்பிட்டோம். மாமியின் மோர்மிளகாய் அந்தக் காட்டுக்கே கார வாசனையை ஏற்றியது. சாப்பிட்டதும் பாறையிலேயே சாய்ந்து கண்ணை மூடினேன். ஜமக்காளம் இல்லாமலே தூங்கிவிட்டேன் என்பது எழுந்த பிறகுதான் உறைத்தது.

திரும்பி வந்து பார்த்தால் வேப்பமரத்தடியில் ஒரு கூட்டம்.

கிராமத்துப் பெண்கள். எல்லோரும் என் ஜமக்காளத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். காற்றில் தூக்காமல் இருக்க நாலு மூலையிலும் கல் வைத்திருந்தார்கள். கல்லுக்குக் கல் ஊதுபத்தி. நடுவில் செவ்வந்தி மாலை, அதைச் சுற்றிப் பத்தாஷா என்ற சர்க்கரை மிட்டாய். அதன்மேல் எங்கள் வேப்பம்பூ அதுபாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது.

மாமிக்கு மற்றதெல்லாம் கண்ணில் படவில்லை, பூதான் பட்டது. பையைப் பிரித்துக்கொண்டு குனிந்து இரண்டு கையாலும் அள்ளப் போனார். என் வயதுள்ள ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு, மாமியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். முரட்டுத்தனமாக இல்லை, அடுப்பைத் தொடப் போகும் பிள்ளையைப் பிடிப்பது போல.

அவள் பேசியது அந்தப் பக்கத்துக் கிராமத்து இந்தி, அன்று பாதி சைகையிலும் பாதி மாமி சொல்லியும்தான் எனக்குப் புரிந்தது. ஆனால் இத்தனை காலத்துக்குப் பிறகு, அவள் சொன்னதெல்லாம் எனக்கு எங்கள் ஊர்ப் பேச்சிலேயே ஞாபகம் இருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

"இந்தக் காட்டுல இருந்து ஒரு குச்சிகூட ஊட்டுக்குப் போகாதுங்க அம்மா. பூவும் அப்புடித்தான். பாபாவோட காடு."

ஜீப் ஓட்டுநர் சொல்ல மறந்தது இதுதான். அந்த அறையில் அடங்கியிருப்பவர் ஒரு பாபா. இந்துவா முஸ்லிமா என்று ஊரில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அவர் பேருக்குக் காட்டை விட்டுவிட்டார்கள். விழுந்த கிளையும் விழுந்த இடத்திலேயே மக்க வேண்டும். வேண்டுதல் உள்ளவர்கள் வேப்பமரத்தடியில் ஒரு துணியை விரித்துவிட்டுப் போவார்கள். சாதர் என்பார்கள் அதை. யாரோ வெகுதூரத்திலிருந்து வந்து, இத்தனை கெட்டியான, இத்தனை அழகான சாதரை விரித்துவிட்டு, பேர்கூடச் சொல்லாமல் போய்விட்டார்கள் என்று எருமை மேய்த்தவர்கள் ஊருக்குள் சொல்ல, பெண்கள் பூவும் பத்தாஷாவும் எடுத்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறார்கள்.

பூ பொறுக்க விரித்தோம் என்று உண்மையைச் சொன்னால் பாபாவின் காட்டில் திருட வந்தவர்கள் ஆவோம். சொல்லாவிட்டால் ஜமக்காளம் போச்சு. இந்தி தெரிந்த என் கணவரோ ரொம்பத் தள்ளி டிபன் கேரியரோடு நின்றார். ஆண்பிள்ளையைப் பார்த்ததும் பெண்கள் எல்லோரும் முக்காட்டை இழுத்துவிட்டுத் திரும்பிக்கொள்ள, அவரால் கிட்ட வர முடியவில்லை. எனக்கு அப்போது தெரிந்த இந்தி, காய்கறிக்காரனிடம் முறைப்பதற்கு மட்டுமே போதும்.

"நீ சும்மா இரு, நான் பேசிக்கறேன்" என்றார் மாமி.

அந்தப் பெண் கேட்டாள்: "சாதரு யாருது? யாரு வேண்டுதலு?"

மாமி என்னை முன்னால் தள்ளி, கையைத் தொட்டில் மாதிரி ஆட்டிக் காட்டினார். "பச்சா" என்றார். குழந்தை.

அவ்வளவுதான். அத்தனை பெண்களும் எழுந்து வந்து என் தலையைத் தொட்டார்கள், கன்னத்தை வழித்தார்கள், வாயில் பத்தாஷாவைத் திணித்தார்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அந்த இடுப்புக் குழந்தைக்காரி மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "வேண்டுனது நடந்துச்சுன்னா நீயே வந்து சாதர எடுத்துட்டுப் போகோணும். அது வரைக்கும் நாங்க பாத்துக்கறம்."

பஸ் பிடித்து வீடு திரும்பினோம். மாமி தன் வீட்டு வாசலில் நின்று, தன் கொசுவத்தில் ஒட்டிக்கொண்டு வந்திருந்த வேப்பம்பூக்களைப் பார்த்துத் திடுக்கிட்டு, "இதை ரசத்துல போட்டா பாபா கண்ணைக் குத்துவார்" என்று துளசிச் செடியில் கொண்டுபோய்ப் போட்டார். வீட்டுக் கதவைச் சாத்திய பிறகுதான் நான் வாயைத் திறந்தேன்.

"மாமி சொன்னது மாமி வேண்டுதலு. எனக்குன்னு ஒண்ணு வேண்டிகிட்டனுங்க. ஊருக்கு மாத்தல் கெடைக்கோணும். கெடைச்ச அன்னிக்கு என்ற ஜமக்காளத்த எடுத்துட்டு ரயில் ஏறோணும். நீங்க எழுதிக் குடுங்க."

"சரி புள்ள" என்றார் அவர். காடு பிடித்ததா என்று கேட்கவேயில்லை. மறுநாளே எழுதிக் கொடுத்தார். பதவி உயர்வு அவருக்குப் பின்னால் வந்தவருக்குப் போனது. மாற்றல் மட்டும் வரவில்லை.

அடுத்த வருஷம் வேம்பு பூத்தபோது, ஜமக்காளம் பத்திரமாக இருக்கிறதா என்று ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம் என்று நான்தான் சொன்னேன். அதற்கடுத்த வருஷமும் நான்தான் சொன்னேன். பிறகு சொல்லவே தேவையிருக்கவில்லை. சித்திரை பிறந்ததும் என் கணவர் காலனி வேம்புகளை அண்ணாந்து பார்ப்பார், நான் புளிக்காய்ச்சல் செய்ய ஆரம்பிப்பேன்.

ஜமக்காளம் பத்திரமாக இருந்தது. அறையில் ஒரு தகரப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்தார்கள். வேம்பு பூக்கும்போது மட்டும் எடுத்து மரத்தடியில் விரிப்பார்கள். பெண்கள் அதில் உட்கார்ந்து பாடுவார்கள். யாரோ மோரைக் கொட்டியிருந்தார்கள். ஒரு மூலையை ஆடு மென்றிருந்தது. என் கல்யாணச் சீரை ஆடு மென்றதற்கு நான் ஒரு மணி நேரம் புலம்பினேன். அந்த இடுப்புக் குழந்தைக்காரி சாவகாசமாகக் கேட்டுவிட்டு, "ஆடும் ஏதோ வேண்டிகிட்டுருக்கும்" என்றாள்.

அவள் பேரை நான் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவளுக்கு நான் கடைசிவரை மதராஸி மருமகள்தான். பவானிக்கும் மெட்ராஸுக்கும் ராத்திரி முழுக்க ரயிலில் போக வேண்டும் என்று எத்தனையோ முறை விளக்கினேன். அவளைப் பொறுத்தவரை விந்தியத்துக்குத் தெற்கே ஒரே வீடுதான். ஆனால் அவள்தான் எனக்கு இந்தி சொல்லிக் கொடுத்தாள். அதன் விளைவு, நான் பேசிய இந்தியைக் கேட்டு சரோஜினி நகர் மார்க்கெட்டில் காய்கறிக்காரர்கள் சிரித்தார்கள். எருமை மேய்க்கிற வீட்டுப் பேச்சு இந்த மதராஸி அம்மா வாயில் எப்படி வந்தது என்று அவர்களுக்குப் புரியவில்லை. என் மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, "அம்மா, ப்ளீஸ், நீ தமிழ்லயே பேசேன்" என்று கெஞ்சுவாள். அதையும் அரைகுறைத் தமிழில்தான் கெஞ்சுவாள்.

அந்த மகளைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு போன வருஷம் ஒரு சங்கடம் நேர்ந்தது. குழந்தையைப் பார்த்ததும் ஊரே கொண்டாடியது. தகரப் பெட்டியைத் திறந்து, ஜமக்காளத்தை மடித்து, செவ்வந்தி மாலை சுற்றி என் கையில் கொடுத்துவிட்டார்கள். வேண்டுதல் நடந்துவிட்டதே. நான் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். நூல் வாசனை போய் மண் வாசனை வந்திருந்தது. எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் நான் வேண்டியது அது இல்லையே. சாமி காரியத்தில் ஏமாற்ற எனக்குத் துணிச்சல் வரவில்லை.

"என்ற வேண்டுதலு இது இல்லீங்க அக்கா" என்றேன், தட்டுத்தடுமாறி. "வேற."

அவள் யோசித்தாள். பிறகு மற்ற பெண்களைப் பார்த்து நியாயம் சொன்னாள்: "அன்னைக்கு வாயத் தொறந்து சொன்னது அந்தப் பெரியம்மா. இவ சொல்லல. அடுத்தவங்க வாயில வந்தது இவ வேண்டுதலு ஆகாது." என்னிடம் திரும்பி, "நீ சொல்லாத. சொன்னா பலிக்காது. நடந்ததுக்கு அப்பறம் சொல்லு" என்றாள். ஜமக்காளம் மறுபடி பெட்டிக்குள் போனது. மாமிக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம். அந்தக் குழந்தை தன்னால்தான் பிறந்தது என்று காலனி முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

வருஷங்கள் ஓடின. களத்தில் மாடுகள் போய்க் கதிரடிக்கும் இயந்திரம் வந்தது. குளக்கரையில் மின்கம்பம் நட்டார்கள். நாங்கள் ஜனக்புரிக்கு வீடு மாறினோம். மாமாவும் மாமியும் ஓய்வு பெற்றுக் கும்பகோணம் போய்ச் சேர்ந்தார்கள். காட்டில் மட்டும் எதுவும் மாறவில்லை. போன வருஷம் விழுந்த கிளை இந்த வருஷம் கொஞ்சம் மக்கியிருக்கும், அவ்வளவுதான். நான் ஒவ்வொரு முறையும் மரத்தடியில் கண்ணை மூடி, ஊருக்கு மாற்றல் வேண்டும் என்று ஒப்பித்துவிட்டு வருவேன். ஒப்பிப்பது நின்று பல காலம் ஆகியும் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்ததோ என்று இப்போது தோன்றுகிறது.

எண்பதுகளின் நடுவில் ஒரு சாயங்காலம் என் கணவர் ஒரு டப்பா பால்கோவாவோடு வந்தார். கோயம்புத்தூருக்கு மாற்றல்.

"சந்தோஷமா, புள்ள?"

"சந்தோஷந்தானுங்க" என்றேன். உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தேன். அடுப்பில் வைக்க எதுவும் இல்லை. சும்மா தீயைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சாமான் கட்டுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, ஜமக்காளத்தை எடுத்துவரப் போனோம். கார்த்திகை மாதம். வேம்பு பூக்காத காலத்தில் அந்தக் காட்டை நான் பார்த்தது அதுவே முதல்முறை. வயல்களில் கோதுமை ஒரு சாண் பச்சையாக முளைத்திருந்தது. குளத்தின்மேல் பனி இறங்கியிருந்தது. மரங்களில் இலை அடர்ந்திருந்தது. எத்தனை வருஷம் வந்தும் இதன் ஒரு முகத்தைத்தான் பார்த்திருக்கிறோம்.

இந்த நேரத்தில் எங்களைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவளும் நானும் மட்டும் அறைக்குள் போனோம். பெட்டியைத் திறந்து ஜமக்காளத்தை எடுத்தாள். சிவப்பு வெளுத்து மண் நிறமாகியிருந்தது. ஆடு மென்ற மூலையில் அவளுடைய பாவாடைத் துணியிலிருந்து ஒரு நீலத் துண்டை வெட்டி ஒட்டுப் போட்டிருந்தாள். எப்போது போட்டாள் என்று சொல்லவேயில்லை. என் கையில் வைத்தாள்.

"நடந்துருச்சா?"

"நடந்துருச்சுங்க அக்கா."

"இப்பச் சொல்லு. என்ன வேண்டிகிட்ட?"

சொன்னேன். இந்த ஊரை விட்டுப் போக வேண்டும், எங்கள் ஊருக்கே போய்ச் சேர வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன் என்று, அவள் சொல்லிக் கொடுத்த இந்தியிலேயே சொன்னேன்.

அவள் முக்காட்டை ஒருமுறை சரிசெய்துகொண்டாள். பிறகு கேட்டாள்: "வருஷா வருஷம் எங்களப் பாக்க வர்றன்னு இல்ல நெனச்சுட்டிருந்தன். எங்கள உட்டுப் போகோணும்னு கேக்கவா இத்தன வருஷமும் வந்த?"

அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன், சண்டைக்கு நான் ஒருநாளும் பின்வாங்கியதில்லை. ஜமக்காளத்தை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதேன். ஊரை நினைத்து அழுவதற்காக நான் வைத்திருந்த ஜமக்காளத்தில் இந்தக் கிராமத்தை நினைத்து அழுதேன். அவள் என் முதுகைத் தடவியபடி, "பாபாவும் பாவம், நீ மனசு மாறுவியான்னு காத்துட்டே இருந்துருப்பாரு" என்றாள். அப்படியும் சிரிக்கவைத்தாள்.

வெளியே வந்தேன். என் கணவர் வழக்கம்போலத் தள்ளி நின்றார், ஜமக்காளத்தைக் கட்டக் கயிறு கொண்டுவந்திருந்தார். நான் அவர் பக்கம் போகவில்லை. வேப்பமரத்தடிக்குப் போய் ஜமக்காளத்தை உதறி விரித்தேன். நாலு மூலைக்கும் நானே கல் தேடி வைத்தேன்.

"வேண்டுதலு இல்லாம சாதரு கெடக்கக் கூடாது" என்றாள் அவள், பின்னாலிருந்து.

"இருக்குதுங்க அக்கா."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "திரும்பி வரோணும்னுதான?"

நான் வாயைத் திறக்கவில்லை. தலையையும் ஆட்டவில்லை. சொன்னது அவள்தான், நான் சொல்லவில்லை. அடுத்தவர் வாயில் வந்தது வேண்டுதல் ஆகாது என்பது அவளே சொன்ன நியாயம், ஆகவே என் வேண்டுதல் கெட்டுப்போகவில்லை.

கோயம்புத்தூரில் சில வருஷம், பிறகு ஈரோட்டில் சொந்த வீடு. கேட்டது எல்லாம் கிடைத்தது. வாசலில் வேப்பமரம் இருக்கிறது, சித்திரைக்குச் சரியாகப் பூக்கிறது. பவானி ஜமக்காளம் கடைக்குக் கடை தொங்குகிறது. "ஒண்ணு வாங்கிக்கலாமா, புள்ள?" என்று என் கணவர் எத்தனையோ தடவை கேட்டுவிட்டார். இப்போது அவருக்கு முழங்கால் சரியில்லை, எனக்கு இடுப்பு சரியில்லை. மகள் டெல்லியில் துவாரகா பக்கம் குடியிருக்கிறாள், வா வா என்கிறாள். ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

"எனக்கு ஒண்ணு இருக்குதுங்க" என்பேன் அவரிடம். "போயி எடுத்துட்டு வரோணும்."